கலாநிதிப் பட்டமும் காலவரையறையும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

பல்கலைக்கழக விதிக்கோவைகளை விரும்பிப் படிப்போர் அரியர். ஆயினும் ஒரு சமூகம் அறிவுழைப்பை எவ்வாறு மதிப்பிட்டது என்பதற்குப் பட்டமளிப்பு விழாப் பேருரைகளைவிட அவ்விதிகளே நம்பகமான சான்றுகள். கலாநிதிப் பட்ட ஆய்வை எத்தனை ஆண்டுகளில் நிறைவு செய்தல் வேண்டும், இடையில் எக்காரணம் பற்றி விடுமுறை பெறலாம் என்பன இன்று வெறும் நிர்வாக விடயங்களாகவே கருதப்படுகின்றன. வரலாற்று நிலைநின்று நோக்குமிடத்து வேறொன்று புலனாகும். பல நூற்றாண்டுகளாக இவ்விதிகள் "இத்தனை ஆண்டு கழியுமுன் பட்டம் கேளாதே" என்றன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் "இத்தனை ஆண்டு கழிந்தபின் பட்டம் கேளாதே" என்கின்றன. கீழெல்லை மேலெல்லையாக மாறியமைக்கான காரணங்களைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதார அடித்தளத்திலேயே தேடவேண்டும்.

1215ஆம் ஆண்டில் பாப்பரசரின் தூதரான கர்தினால் றொபேர்ட் த கூர்சோன் பாரிஸ் பல்கலைக்கழகத்துக்கு விதிகளை வகுத்தார். கலைப்பீடத்திற் கற்பிக்க விழைவோர் ஆறாண்டு பாடங் கேட்டிருத்தல் வேண்டும். இருபத்தொரு வயதை எட்டியிருத்தல் வேண்டும். இறையியல் கற்பிப்போருக்கு முப்பத்தைந்து வயதும் குறைந்தது எட்டாண்டுக் கல்வியும் விதிக்கப்பட்டன. அதிகபட்சக் காலம் பற்றி அவ்விதிகள் கவலைப்படவில்லை. இதன் தாற்பரியத்தை அடம் சிமித் 1776இல் வெளியான தமது நூலில் மிகத் தெளிவாக உணர்த்தியுள்ளார். பல்கலைக்கழகங்களின் ஏழாண்டுக் கல்வி, கைவினைஞர் சங்கங்களில் தொழில் பழகுவோருக்கு விதிக்கப்பட்ட ஏழாண்டைப் பார்த்து வகுக்கப்பட்டதே என்பது அவர் கருத்து. கன்னாரும் தச்சரும் புதியோர் வருகையைக் கட்டுப்படுத்தித் தம் ஏகபோகத்தைப் பேணியது போலவே ஆசிரியர் குழாமும் பேணிற்று. நிலமானிய அமைப்பின் நகரங்களிற் காலம் என்பது ஒரு மதிற்சுவர்.

அச்சுவரில் வாயில்களும் இருந்தன. கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுப் பதிவேடுகள் 'கிறேஸ்' ஏடுகள் என வழங்குவன. விதித்த தவணைகளை நிறைவு செய்யாதோர்க்கு அளிக்கப்பட்ட தளர்வுகள் அவற்றிற் பதியப்பட்டன. கிறேஸ் என்ற சொல்லுக்கு அருள் என்பது பொருள். காலத் தளர்வு ஒருவர் கேட்டுப் பெறும் அருளாகக் கருதப்பட்டதேயன்றி உரிமையாகக் கருதப்படவில்லை. இச்சொல் கேம்பிறிட்ஜில் இன்றும் வழக்கில் உள்ளது. அது குறித்த மனப்பாங்கு ஒழிந்ததென்று கூறுவதற்கில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜேர்மனியில் ஆய்வேடே பட்டத்தின் மையமாயிற்று. அங்கு காலக்கணக்கு எவ்வளவு நெகிழ்ச்சியாக இருந்தது என்பதற்குக் கார்ல் மார்க்ஸை விடச் சிறந்த உதாரணம் இல்லை. 1836 முதல் பேர்லினிற் பயின்ற அவர், டிமொக்கிறிட்டஸ், எப்பிக்கியூரஸ் ஆகியோரின் இயற்கைத் தத்துவங்களை ஒப்பிட்டு எழுதிய ஆய்வேட்டை 1841 ஏப்ரில் 6ஆந் திகதி ஜெனா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அவரது பட்டம் ஏப்ரில் 15ஆந் திகதியிட்டது. அதைப் பெற அவர் ஜெனாவுக்குச் செல்லவும் இல்லை. ஒன்பது நாட் கலாநிதி என்று நகைப்பதற்கு இதில் இடமுண்டு. ஆயின் 1839 தொட்டு அவர் எழுதிக் குவித்த ஏழு குறிப்பேடுகளை எந்த அலுவலகமும் எண்ணவில்லை என்பதே மனங்கொளத்தக்கது. நேரிற் செல்லாமலே பட்டம் பெறும் இவ்வழக்கத்தை வரலாற்றாசிரியர் மொம்சன் 1876இற் கடுமையாகக் கண்டித்தார். போலிப் பட்டங்கள் மலிந்திருந்தன என்ற அவரது முறைப்பாடு நியாயமானதே.

பிரித்தானியாவில் ஆய்வுக் கலாநிதிப் பட்டம் மிகவும் பிந்தியே புகுந்தது. ஒக்ஸ்போட் 1917இல் அதனை ஏற்றது. முதலாம் உலகப்போர்க் காலத்தில், ஜேர்மனியை நாடிச் சென்ற அமெரிக்க மாணவரைத் தம்பக்கம் ஈர்க்கும் நோக்கமும் இதன் பின்னணியில் இருந்தது. மேலெல்லை உண்மையான வலுப்பெற்றது அரச பணம் ஆய்வாளரின் உணவுக்கும் உறைவிடத்துக்கும் பொறுப்பேற்ற பின்னரே. 1965இல் நிறுவப்பட்ட சமூக விஞ்ஞான ஆராய்ச்சிக் கழகம் தச்சர் ஆட்சியில் ஐயத்துக்குள்ளாயிற்று. 1982இல் றொத்சைல்ட் பிரபுவின் விசாரணை அதனை மூடவேண்டியதில்லை என்று கூறியது. ஆயினும் 1983இல் அதன் பெயரிலிருந்து 'விஞ்ஞானம்' என்ற சொல்லே நீக்கப்பட்டது! 1985 முதல் அக்கழகம் ஒரு தண்டனை முறையைக் கைக்கொண்டது: தன் உதவிப்பணம் பெற்றோருள் குறித்த விகிதத்தினர் நான்காண்டுக்குள் ஆய்வேடு சமர்ப்பிக்காத நிறுவனங்களுக்குப் புதிய மாணவர் உதவி மறுக்கப்பட்டது. அவ்விகிதம் படிப்படியாக உயர்த்தப்பட்டது. தண்டனை மாணவர்மீதன்றி நிறுவனத்தின்மீது விழுந்தமையால், காலத்தைக் கண்காணிக்கும் பணி மேற்பார்வையாளரிடம் வந்து சேர்ந்தது. முன்பு புலமையை வளர்ப்பவராயிருந்தவர் ஆலைக் கங்காணியின் கடமையையும் ஏற்கவேண்டியவரானார்.

இதன் விளைவை ஆய்வுப் பொருட்டெரிவிற் காணலாம். புதிய மொழியொன்றைக் கற்கவேண்டிய ஆய்வு, ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊரூராக அலையவேண்டிய ஆய்வு, ஒரு கிராமத்தில் ஈராண்டு தங்கவேண்டிய ஆய்வு ஆகியன ஆபத்தானவையாகின்றன. நம் தமிழியல் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். பேர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் க. கைலாசபதி 1966இலும் கா. சிவத்தம்பி 1970இலும் கலாநிதிப் பட்டம் பெற்றனர். முன்னவரின் ஆய்வு 1968இலும் பின்னவரின் ஆய்வு 1981இலும் நூல்களாயின. சங்க இலக்கியத்தைக் கிரேக்க மரபோடு ஒப்பிடும் தகைமை பதிவுத் திகதியன்று தொடங்கி மூன்றாண்டிற் கைகூடுவதன்று. பதிவுக்கு முன்னரே திரட்டிய வாசிப்பு அதற்குப் பின்புலமாக இருந்திருத்தல் வேண்டும். அத்தகைய சேமிப்பில்லாத ஏழை மாணவருக்கும் காலவிதி ஒன்றேயெனில், சமத்துவம் பெயரளவிலேயே உள்ளது.

எனினும் மேலெல்லை என்றதும் அதனைப் பிற்போக்கென ஒதுக்குதல் இயங்கியற் பார்வையாகாது. பெண்களினதும் இளையோரினதும் வேலைநாளைப் பத்து மணியாக வரையறுத்த 1847ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டமும் ஒரு மேலெல்லையே. அது தொழிலாளர் போராடிப் பெற்ற வெற்றி. எல்லையற்ற ஆய்வுக்காலம் மேற்பார்வையாளருக்கு மலிவான ஆய்வுகூட உதவியாளரையும் துறைக்கு மலிவான போதனாசிரியரையும் வழங்கும். பத்தாண்டு கழிந்தும் 'மாணவர்' என்றே அழைக்கப்படுவோர் எல்லா நாட்டிலும் உளர். ஆகவே எல்லையின் நீளத்தைவிட, அவ்வெல்லைக்குள் அவருக்குக் கூலி உண்டா, நோயுற்றால் கடிகாரம் நிற்குமா என்பவையே அடிப்படை வினாக்கள்.

இவற்றுக்கான விடை, அவர் மாணவரா தொழிலாளரா என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் தேசிய தொழில் உறவுகள் சபை, தனியார் பல்கலைக்கழகங்களிற் கற்பிக்கும் பட்டப்பின் மாணவர் தொழிலாளரே என 2000இலும், அல்லர் என 2004இலும், மீண்டும் ஆம் என 2016இலும் தீர்ப்பளித்தது. ஒரே வேலை, மூன்று தீர்ப்புகள். ஜேர்மனியின் 2007ஆம் ஆண்டுச் சட்டம் கலாநிதிப் பட்டத்துக்கு முன் ஆறாண்டும் பின் ஆறாண்டும் தற்காலிக ஒப்பந்தத்துக்கு இடமளித்தது. மருத்துவத்திற் பின்னது ஒன்பதாண்டு. பராமரிக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அவ்வெல்லை ஈராண்டு நீளும். ஆனால் அவ்வீராண்டு ஒப்பந்தத்தை வழங்கும்படி பல்கலைக்கழகத்தைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. பெற்றோர் விடுமுறைக்காலமோ பணியாளர் இசைந்தால் ஒப்பந்தத்தோடு சேரும். முன்னது அருள், பின்னது உரிமை. 2021இல் 'நான் ஹன்னா' என்ற முழக்கத்தோடு அந்நாட்டு இளம் ஆய்வாளர் எதிர்ப்புக்குரல் எழுப்பியது இச்சட்டத்துக்கு எதிராகவே.

இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிகள் மூன்றாண்டைக் கீழெல்லையாகவும் ஆறாண்டை மேலெல்லையாகவும் வைத்து இரு மரபுகளையும் ஒருங்கே ஏற்றன. பெண்களுக்கும், நாற்பது வீதத்துக்கு மேற்பட்ட உடற்குறையுடையோருக்கும் மேலும் ஈராண்டு உண்டு. பெண்களுக்கு ஆய்வுக்காலம் முழுவதிலும் ஒருமுறை 240 நாள் வரை மகப்பேற்று அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுமுறை உண்டு. இவை வரவேற்கத்தக்கன. ஆயினும் குழந்தைப் பராமரிப்பு பெண்ணின் கடமையே என்பதை விதியே உறுதிப்படுத்துகிறது. அன்றியும் அக்குழுவின் தேர்வுவழி வழங்கப்படும் ஆய்வு உதவித்தொகை ஈராண்டும் மூன்றாண்டுமாக ஐந்தாண்டே நீடிப்பது. ஆறாம் ஆண்டில் ஆய்வாளர் எதை உண்பார் என்பதற்கு விதியில் விடையில்லை.

இலங்கைப் பல்கலைக்கழகங்களிலே தகுதிகாண் விரிவுரையாளர் குறித்த காலத்துள் பட்டப்பின் தகைமை பெறவேண்டும். சம்பளத்துடனான கற்கை விடுமுறைக்கு ஈடாக அவர் பிணைமுறியிற் கையொப்பமிடுகிறார். விடுமுறை ஈண்டு கடனாகிறது. ஆனால் வேறொரு இழப்பு எந்தக் கடன் கணக்கிலும் ஏறவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 1995இல் யாழ்ப்பாண மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது ஆய்வாளரின் குறிப்புகளும் சுவடிகளும் வீடுகளில் விடப்பட்டன. நோய், மகப்பேறு என்னும் வழமையான தலைப்புகளில் இவை அடங்கா. இத்தகைய தலைப்பைச் சேர்ப்பது இயலாததன்று. 2020இல் பெருந்தொற்று வந்தபோது ஜேர்மனி ஒப்பந்த எல்லையைச் சட்டத்தினாலேயே நீட்டியது. பிரித்தானிய ஆய்வு நிறுவனம் இறுதியாண்டு ஆய்வாளருக்கு ஆறு மாதம் வரை உதவிப்பணத்தோடு காலநீடிப்பு வழங்கியது. பேரிடரும் விடுமுறைக் காரணமே என்பது அங்கு சில மாதங்களில் ஏற்கப்பட்டுவிட்டது.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நமது பல்கலைக்கழகங்களில் ஆய்வுக்குப் பதிவு செய்து நிறைவு செய்யாதோர் யாவர், எந்த ஆண்டில் எக்காரணம் காட்டி அவர்களின் பதிவு நீங்கியது என்பதைப் பீடப் பதிவேடுகளிலிருந்து தொகுத்தல் வேண்டும். அவர்கள் எழுதத் தொடங்கிய தலைப்புகளின் பட்டியல் நமது ஆய்வு வரலாற்றின் ஒரு பகுதியாகும்.