குழந்தைப் பட்டியலும் முதியோர் பசியும்

சென்ற ஆண்டு அமெரிக்காவில் ஓர் உணவு விடுதியில், 80 வயதான என் அன்னையார் குழந்தைகளுக்குரிய உணவைக் கேட்டார். பரிமாறுபவர், 12 வயதுக்கு உட்பட்டோருக்கு மட்டும் என்ற வரியைச் சுட்டிக்காட்டினார். பெருந்தட்டில் கால் பங்கை உண்ட அன்னையார், எஞ்சியது வீணாவது கண்டு வருந்தினார்.

அந்தப் பட்டியலுக்கு ஒரு வரலாறு உண்டு, நேயர்களே. 1920இல் அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. மது வருவாயை இழந்த விடுதிகள் புதிய வாடிக்கையாளரைத் தேடின. அதுகாறும் பொருட்படுத்தாதிருந்த குழந்தைகள் கண்ணில் பட்டனர். 1921இல் நியூயார்க் நகரின் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதி சிறுவருக்கெனத் தனிப் பட்டியல் அச்சிட்டது. சோற்றின்மேல் உதிர்த்த கோழியிறைச்சி போன்ற எளிய உணவுகள் அதில் இருந்தன. குழந்தைகளுக்குக் காரசாரமற்ற உணவே நன்றென்று மருத்துவர் எம்மெட் ஹோல்ட் 1894இல் எழுதிய நூல் அந்நாளில் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்தது.

1933இல் மதுவிலக்கு நீங்கியது, பட்டியல் நீங்கவில்லை. சிறுவருக்கு விலையைக் குறைத்தால் பெற்றோரும் உடன் வருவர் என்பது வணிகக் கணக்கு. பெரியவரும் அதையே கேட்டால் கணக்குத் தவறுமே என்றுதான் வயது வரம்பு. ஆகவே அவ்வரம்பு வணிகர் வகுத்தது, வயிறு வகுத்ததன்று. அளவான, மென்மையான உணவு முதுமைக்கும் உரியதே. பட்டியலின் தலைப்பில் 'குழந்தை' என்பதை நீக்கிச் 'சிற்றுணவு' என்று எழுதினால் யாருக்கு என்ன குறைந்துவிடும்?