முன்னோர் பொருளைக் காத்தல்

முன்னோர் நமக்கு வைத்துச் சென்ற செல்வம் நன்செயும் புன்செயும் பொன்னும் மட்டும் அன்று. அவர் எழுதிய ஏடும், வழிபட்ட திருமேனியும், சுவரில் தீட்டுவித்த ஓவியமும், பரணிற் கிடக்கும் பழம் பத்திரமும் அச்செல்வத்தின் பாற்பட்டனவே. நிலம் கைவிட்டுப் போயின் மீட்டும் வாங்கலாம். ஏடு போயின் எவ்விலை கொடுத்தும் வாங்கவொண்ணாது. ஆயினும், வரப்பு ஒரு சாண் குறைந்தால் வழக்காடும் நம்மவர், ஏட்டுக்கட்டைக் கறையான் அரித்துவிட்டால் வாரிக் குப்பையில் இடுகின்றனர். இந்நிலை கண்டே இக்கட்டுரையை நம் சங்கத்து அன்பர்கள்முன் வைக்கின்றோம். இதன்கண் யாம் சொல்லப் புகுவது ஒன்றே. காத்தல் வேறு; புதுக்குதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கியமையால், பகைவர் கையிற் பிழைத்த பொருள்கள் பல பற்றுடையார் கையில் அழிந்தொழிந்தன.

முதற்கண் ஏடுகளை நோக்குவோம். பனையோலை நம் நாட்டு வெம்மையிலும் ஈரத்திலும் சில நூற்றாண்டுகளுக்கு மேல் நில்லாது. இதனை நன்கறிந்த நம் முன்னோர், ஓலையை வேகவைத்து உலர்த்திப் பதப்படுத்தினர். எழுத்தாணியால் எழுதியபின் கரியும் இலைச்சாறும் மஞ்சளும் கலந்து பூசி எழுத்தை விளக்கினர். கம்பையிட்டுக் கயிற்றாற் கட்டினர். ஆண்டுதோறும் கலைமகள் விழாவில் சுவடிகளை வெளியே எடுத்துத் துடைத்துக் காற்றாட வைத்தனர். ஓலை நைந்தபோது புதிய ஓலையிற் பெயர்த்தெழுதினர். இங்ஙனம் எழுதி எழுதியே நூல்கள் நம் காலம்வரை வந்தன. அச்சுப்பொறி வந்தபின் பெயர்த்தெழுதுவார் அருகினர். பழைய ஏடுகளோ கேட்பாரற்றுக் கிடந்தன. பாழான ஏடுகளைப் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றில் விடுதலும், வேள்வித் தீயில் இடுதலும் புண்ணியம் எனக் கருதப்பட்டன. சுவடி தேடி ஊரூராய் அலைந்த உ. வே. சாமிநாதையர் இத்தகைய செய்திகளைக் கேட்டு நெஞ்சம் புழுங்கினார். 1887இல் சீவகசிந்தாமணியும் 1894இல் புறநானூறும் அவர் பதிப்பாக வெளிவந்தன. ஓலைகள் இன்னும் சில காலம் கவனிப்பாரற்றுக் கிடந்திருப்பின் இந்நூல்களின் கதி என்னவாகியிருக்கும் என்பதை எண்ணவும் அஞ்சுகின்றோம்.

நம் சோழநாட்டில் இத்துறைக்கு வழிகாட்டியாய் நிற்பது தஞ்சைச் சரசுவதி மகால் நூல்நிலையமாகும். நாயக்கர் காலத்தே தோன்றிய இவ்வேட்டறையை மராட்டிய மன்னர்கள் வளர்த்தனர். அவருள்ளும் 1798 முதல் 1832 வரை அரசுக்கட்டிலில் இருந்த இரண்டாம் சரபோசி மன்னர் அதனைப் பெருக்கினார். அவர் காசி யாத்திரை சென்றபோதும் சுவடிகள் திரட்டுதலை மறந்திலர். அரண்மனைச் சுவடிகளை வகைப்படுத்திய பர்னல் துரையின் அட்டவணை 1880இல் அச்சாயிற்று. 1918இல் நூல்நிலையம் பொதுமக்களுக்குரியதாயிற்று. வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, இலவங்கப்பட்டை முதலியவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துச் சிறு துணிமுடிச்சுகளாக ஏடுகளின் இடையே வைத்துப் பூச்சியைத் தடுப்பது அந்நிலையத்தின் பழைய வழக்கு. இம்முறையில் நாம் கருதத்தக்கது யாதெனின், மருந்து ஏட்டின்மேற் படுவதில்லை; மணமே பூச்சியை ஓட்டுகின்றது. பொருளைத் தீண்டாமலே பொருளைக் காத்தல் என்னும் உயர்ந்த நெறி இதன்கண் அமைந்துள்ளது.

நிற்க. ஓவியத்தின் வரலாறு இன்னும் வியப்புடையது. இராசராச சோழன் எடுத்த தஞ்சைப் பெரிய கோயிலில், கருவறையைச் சூழ்ந்த இருண்ட சுற்றறையின் சுவர்களில் நாயக்கர் காலத்து ஓவியங்களே நெடுநாள் காணப்பட்டன. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து ஆசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி, மேற்பூச்சு உதிர்ந்த இடத்தில் அதனடியே வேறோர் ஓவியம் இருத்தலைக் கண்டார். அதுவே சோழர் கைவண்ணம். சுந்தரர் வெள்ளையானைமீதும் சேரமான் பெருமாள் குதிரைமீதும் கயிலை செல்லும் காட்சியும், முப்புரம் எரித்த பெருமான் கோலமும் இங்ஙனம் உலகிற்கு வெளிப்பட்டன. ஈரம் உலராத சுண்ணச் சாந்தின்மீது வண்ணம் தீட்டிய முறை இது எனச் சென்னை அருங்காட்சியகத்து இரசாயன அறிஞர் பரமசிவன் ஆராய்ந்து உரைத்தார்.

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. அடியில் உள்ளது பழமையானது என்பதற்காக மேலுள்ளதைச் சுரண்டி எறியலாமோ? நாயக்கர் ஓவியமும் நானூறு ஆண்டுகட்கு முற்பட்ட செல்வமன்றோ? சோழர் ஓவியத்தை மறைத்துப் பூசியவர்கள் செய்த செயலையே நாமும் செய்தவராவோம். தொல்பொருள் துறையினர் அவ்வாறு செய்திலர். மேற்பூச்சை ஓவியத்தோடும் பெயர்த்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் ஒட்டினர். இவ்வாறு 16 நாயக்கர் ஓவியங்கள் தனியே காட்சிக்கு வைக்கப்பெற்றன. அடியிலிருந்த சோழர் ஓவியமும் ஒளி பெற்றது. இரு காலத்தாருக்கும் நீதி செய்தல் என்பது இதுவே.

இனி, நம் திருவாரூர் மாவட்டத்துப் பத்தூரில் நிகழ்ந்ததைக் கேண்மின். 1976இல் அவ்வூரில் மண்ணைத் தோண்டிய தொழிலாளி ஒருவர் கண்ணில் செப்புத் திருமேனிகள் பட்டன. அவற்றுள் ஆடவல்லான் திருமேனி கள்ள வழியில் கடல் கடந்தது. 1982இல் அதனை வாங்கிய வெளிநாட்டு நிறுவனம் பழுதுபார்க்கும்பொருட்டு இலண்டன் பிரிட்டிசு அருங்காட்சியகத்திற்கு அனுப்ப, அங்கேயே காவலர் அதனைக் கைப்பற்றினர். இலண்டன் வழக்குமன்றத்தில் நெடிய வழக்கு நடந்தது. இத்திருமேனி பத்தூர் மண்ணிற் புதைந்திருந்ததே என்று காட்டுதல் எங்ஙனம்? அதன்மேல் ஒட்டியிருந்த மண்ணும் கறையான் சென்ற தடங்களும் பத்தூரிற் கிடைத்த ஏனைத் திருமேனிகளோடு ஒப்பிட்டு ஆராயப்பட்டன. 1988இல் தீர்ப்பு நமக்குச் சார்பாயிற்று. மேன்முறையீட்டிலும் அதுவே நிலைபெற, 1991இல் ஆடவல்லான் தமிழகம் மீண்டான். அன்பர்காள்! அழுக்கு என்று நாம் தேய்த்துக் களையும் மண்ணே அங்குச் சான்றாய் நின்றது. கைப்பற்றப்படுமுன் எவரேனும் அதனைப் பளபளவென விளக்கி வைத்திருப்பின், அச்சான்று அழிந்துபோயிருக்கும் என்பது தெளிவு.

செப்புத் திருமேனிபற்றி முத்துப்பேட்டையில் வாழும் நாம் சிறப்பாக அறியவேண்டுவது ஒன்றுண்டு. கோரையாறும் பாமணியாறும் கடலை அணையும் கழிமுகத்தருகே, அலையாத்திக் காட்டின் பக்கத்தே, நாம் குடியிருக்கின்றோம். இங்குக் காற்றிலும் உப்பு உண்டு. செம்பின்மேற் படியும் களிம்பு இருவகைப்படும். இறுகி மழமழப்பாய் நிற்கும் பச்சைக் களிம்பு உலோகத்திற்குப் போர்வைபோன்றது, அதனாற் கேடில்லை. வெளிர்பச்சை நிறமாய்த் தொட்டாற் பொடியாய் உதிர்வதோ நோயாகும். உப்பிலுள்ள குளோரின் செம்போடு கூடி, ஈரமும் காற்றும் பட்டபோதெல்லாம் புளிப்புநீர் ஒன்றைத் தோற்றுவித்து, உலோகத்தை மேலும் மேலும் தின்று செல்லும். இந்நோய்க்கு மருத்துவம் காணவே, 1930இல் சென்னை எழும்பூர் அரசாங்க அருங்காட்சியகத்தில் இரசாயனக் காப்புக்கூடம் ஏற்பட்டது. மேற்கூறிய பரமசிவன் அவர்களே அங்கு மின்னோட்டத்தின் துணையாற் படிமங்களின் களிம்பை நீக்கும் முறையைக் கையாண்டார். புளியும் எலுமிச்சையும் கொண்டு தேய்த்தல் இந்நோய்க்கு மருந்தன்று. தேய்க்குந்தோறும் முகத்தின் நுண்ணிய வேலைப்பாடு மழுங்குவதே மிச்சம்.

இவற்றால் அறியப்படும் நெறிகள் மூன்று. பொருளின் இயல்பை மாற்றாது கேட்டினை மட்டும் நிறுத்துக. பின்னர் அறிவுடையார் வேண்டின் நீக்கத்தக்கவாறே எதனையும் சேர்க்க. செய்தது இன்னது என எழுதி வைக்க. திருப்பணி என்னும் பெயரால் கல்வெட்டின்மேல் மணலைப் பீய்ச்சித் தேய்ப்பதும், பழைய ஓவியத்தின்மேல் சுண்ணாம்பு அடிப்பதும் இந்நெறிக்கு முற்றும் மாறானவை.

நம் இல்லங்களிற் செய்யத்தக்கவற்றையும் சுருங்கக் கூறுவோம். ஒட்டிக்கொண்ட ஓலைகளைப் பிரிக்க வலிந்து முயலற்க. உலர்ந்த மெல்லிய தூரிகையாற் புழுதியை நீக்கி, அறிந்தாரிடம் காட்டுக. பூசைத் திருமேனிகளை நீராட்டியபின் ஈரம் போகத் துடைத்து வைக்க. பலாப்பலகையிற் செய்த தஞ்சாவூர்ப் படங்களை ஈரச் சுவரிலும் விளக்குப்புகை படும் இடத்திலும் மாட்டற்க. பொன்தாள் மங்கிற்றென்று கடைப்பூச்சுப் பூசற்க. பழம் பத்திரங்களையும், பர்மா, மலேயா, இலங்கை சென்ற நம் பெரியோர் எழுதிய கடிதங்களையும் பிளாஸ்டிக் தாளில் வைத்துச் சூடேற்றி ஒட்டுவிப்பது இன்று பெருவழக்காய்விட்டது. அவ்வாறு செய்தபின் தாளைப் பிரித்தெடுத்தல் அரிது. ஒட்டுநாடாவும் காலப்போக்கிற் பழுத்துத் தாளைக் கறைப்படுத்தும். தூய வெள்ளைத் தாளுறையில் இட்டு, காற்றோட்டமுள்ள மரப்பெட்டியில் தரையினின்றும் உயர்த்தி வைத்தலே சாலும்.

2018 நவம்பரில் வீசிய கஜா புயல் ஓடுகளைப் பறக்கவிட்டு வீட்டினுள் மழையைப் புகுத்தியதை இவ்வூரார் மறந்திலர். நனைந்த தாள்களை வெயிலிற் காயப்போடுதல் தவறு. அவை சுருண்டு நொறுங்கும். நிழலிற் பரப்பி, இடையிடையே உறிஞ்சும் வெள்ளைத் தாள் வைத்து, அத்தாளை மாற்றி மாற்றி உலர்த்தவேண்டும்.

எல்லாவற்றினும் முந்துற வேண்டுவது கணக்கு. இன்னது இன்னாரிடம் உளது என்னும் குறிப்பு இல்லாத பொருள், இருக்கும்போதே இல்லாததாகும். ஆதலின், நம் சங்கத்து உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்துள்ள ஏடு, படிமம், படம், பத்திரம் ஆகியவற்றின் அளவும் நிலையும் குறித்து, நிழற்படமும் எடுத்து, ஒரு படியைச் சங்கத்துச் செயலாளரிடம் சேர்ப்பிக்குமாறு வேண்டுகின்றோம். பொருள் உரியவர் இல்லத்திலேயே இருக்கட்டும். குறிப்பு மட்டும் சங்கத்தில் இருப்பின் போதும். வரும் கலைமகள் விழாவுக்குள் இப்பணி நிறைவேறுமாயின், அவ்விழா நாளில் நம் வீடுகளில் அடுக்கி வழிபடும் நூல்களுள் பாட்டனார் கையெழுத்துச் சுவடியும் ஒன்றாய் இருக்கும். வாழ்க நம் முன்னோர் புகழ்.