ஹியூமிக் அமிலங்களின் திரட்சி

மக்கிய மரம், வேர், இலைதழைகளிலிருந்து பிறக்கும் கரும்பழுப்பு நிறச் சேர்மங்கள் நீரில் ஒன்றுகூடிக் கட்டியாவதே ஹியூமிக் அமிலத் திரட்சி. பேராக் மாநிலத்தில் இதற்குரிய களம் கீழ்ப்பேராக், பாகான் டத்தோ, கிரியான் வட்டாரங்களின் பீட் சதுப்பு நிலம். அங்கு வடிகால் நீரைக் குவளையில் ஏந்தினால் நிறம் அடர்ந்திருக்கும். ஆனாலும் கலங்கல் இராது. நாள்கணக்கில் வைத்தாலும் அந்த நிறம் அடியில் படியாது.

காரணம் மின்னேற்றம். இந்த அமிலங்கள் ஹைட்ரஜன் அயனியை நீரில் விட்டு எதிர்மின்னேற்றம் பெற்று, ஒன்றையொன்று விலக்கி நிற்கின்றன. விலக்கம் தளர்ந்தால் திரளும். அமிலம் சேர்த்து விலக்கத்தைத் தளர்த்தும் இந்த வித்தை தோட்டப்புறத்தார்க்குப் பழக்கமானதே. 1877இல் கோலகங்சாரில் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ நட்ட ரப்பர் கன்றுகளுக்குப் பின் பேராக் எங்கும் பரவிய ரப்பர் தோட்டங்களில், பால் ஏந்தும் மங்கிலிருந்து சேர்த்த ரப்பர் பாலில் பார்மிக் அமிலம் ஊற்றி உறைய வைத்ததும் இதே முறையில்தான். உறைந்த ரப்பர் மறுபடி பாலாகாது. ஹியூமிக் திரட்சியோ காரம் சேர்த்தால் கரைந்துவிடும்.

ஹியூமிக் அமிலத்தைத் திரட்டுவதை முதலில் செய்து பார்த்தவர் ஜெர்மானிய வேதியியலர் அஷார்ட். 1786இல் பீட்டைக் காரத்தில் கரைத்து, அமிலம் சேர்த்துக் கருநிறப் படிவு பெற்றார். இன்றைய ஆய்வகங்களிலும் அடிப்படை முறை அதுவே. அமிலம் மட்டுமன்றி உப்புகளின் நேர்மின் அயனிகளும் விலக்கத்தைத் தளர்த்தும்; அயனியின் மின்னேற்றம் கூடக்கூடத் திரளவைக்கும் வலிமை மிகும் என்பதை 1882இல் வேதியியலர் ஷூல்ட்ஸே கண்டார். ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளில் ஊறிவரும் நீரிலுள்ள கால்சியம் இரு அமில மூலக்கூறுகளைப் பிணைக்கவல்லது. அலுமினியம் அதனினும் வலியது. ஆற்றுநீர் கடல்நீரோடு கலக்குமிடத்தில் ஹியூமிக் அமிலங்கள் திரள்வதை 1976இல் ஆய்வாளர் ஷோல்கோவிட்ஸ் காட்டினார்.

நெடுங்காலம் இந்த அமிலங்களைப் பெரும் பல்லுறுப்பிகள் என்றே நம்பினர். 2001இல் இத்தாலியரான பிக்கோலோ, வலுவற்ற விசைகளால் கூடிய சிறு மூலக்கூறுகளின் தொகுப்பே இவை என்று வாதிட்டார். திரட்சி மீளக்கூடியதாக இருப்பதற்கு இந்த விளக்கம் பொருந்துகிறது. காரத்தில் பிரித்தெடுப்பது மண்ணிலுள்ளதை அப்படியே காட்டாது என்று 2015இல் மண்ணியலாளர்கள் லேமனும் கிளெபரும் எழுப்பிய ஐயமும் தள்ளத்தக்கதன்று.

குடிநீருக்கு இதெல்லாம் வெறும் கோட்பாடு அல்ல. பழுப்பு நீரில் குளோரின் கலந்தால் குளோரோஃபார்ம் உண்டாகும் என்பதை 1974இல் ராட்டர்டாமில் வேதியியலர் ரூக் கண்டறிந்தார். ஆகவே பீட் நிலத்து நீரைச் சுத்திகரிப்போர் முதலில் அலுமினியமுள்ள படிகாரம் சேர்த்து நிறத்தைத் திரட்டி வடித்துவிட்டு, அதன் பிறகே கிருமி நீக்கக் குளோரின் கலக்க வேண்டும்.