அக்பர் கேட்ட கேள்வி

எங்கள் அக்காளுக்குத் தெய்வ பக்தி அதிகம். எனக்கு அது வாய்க்கவில்லை. வாய்க்கவில்லை என்று சொல்கிறேனே ஒழிய, வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. வாதம் பேசிக் கடவுளைத் துரத்திவிட்டேன் என்று மார்தட்டிக்கொள்ளும் கூட்டத்தில் நான் சேர்ந்தவனல்ல. தீபாராதனை நேரத்தில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்கள். நான் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு அவர்களுடைய முகங்களைப் பார்ப்பேன். அந்த முகங்களில் தெரிவது எனக்கும் கொஞ்சம் கிடைத்தால் தேவலையே என்று ஏங்குவேன்.

ஆகையால் பலரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். சைவ சித்தாந்தத்தில் ஊறிய நண்பர் ஒருவர் மூன்று மணி நேரம் விளக்கினார். பதியும் பசுவும் பாசமும் நன்றாக விளங்கின, நம்பிக்கைதான் வரவில்லை. கிறிஸ்தவ ஆசிரியர் ஒருவர், முழந்தாளிட்டு ஜெபித்துப் பார்க்கச் சொன்னார். முழங்கால் வலித்தது. கடைசியாக அக்காளிடமே கேட்டேன். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த வருஷத்திலும் சாயங்கால விளக்கை ஏற்றத் தவறாதவள் அவள். “எதை நம்பி ஏத்தறே, அக்கா?” என்றேன். “ஏத்தலேன்னா வீடு இருட்டா இருக்குமேடா” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

இந்த வியாதி எனக்கு மட்டுமே வந்தது என்று வெகுநாள் வெட்கப்பட்டுக் கொண்டிருந்தேன். சரித்திரம் படித்த பிறகு வெட்கம் போயிற்று. இதே கேள்வியைக் கேட்டுத் தவித்த இன்னொருவர் இருந்தார். அவர் சாமானியரல்ல. ஹிந்துஸ்தானத்தின் பாதுஷா!

1542-ல் பிறந்த அக்பர், 1556-ல் பதின்மூன்று வயதில் பட்டத்துக்கு வந்தார். முப்பது வயதைத் தாண்டியபோது மாளவம், ராஜபுதனத்தின் பெரும்பகுதி, குஜராத் எல்லாம் அவர் கையில். வெகுநாள் ஏக்கத்துக்குப் பிறகு, 1569-ல் சலீம் பிறந்தான். பிள்ளை பிறந்தால் நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டபடி, மறுவருஷம் ஆக்ராவிலிருந்து அஜ்மீர் தர்கா வரை பாதுஷா கால்நடையாகவே போனார். பிள்ளை பிறக்கும் என்று வாழ்த்திய ஷேக் சலீம் சிஷ்டி வாழ்ந்த சீக்ரி குன்றின்மேலே, 1571-ல் ஒரு புது நகரத்தையே கட்டத் தொடங்கினார். அதுதான் ஃபத்தேபூர் சீக்ரி.

மனிதனுக்குத் துன்பம் வந்தால்தான் கடவுள் நினைவு வரும் என்பார்கள். அக்பருக்கு நேர்மாறாக நடந்தது. எல்லாம் கிடைத்துவிட்டது, யாருக்கு நன்றி சொல்வது என்பதுதான் தெரியவில்லை. அந்த நகரத்தின் ஒதுக்குப்புறத்தில், பாழடைந்த கட்டடம் ஒன்றின் அருகே, ஒரு தட்டைக் கல் கிடந்ததாம். விடியற்காலைகளில் பாதுஷா தனியே அந்தக் கல்லின்மேல் வந்து உட்கார்ந்து, தலையை மார்பின்மேல் தொங்கவிட்டபடி வெகுநேரம் இருப்பாராம்.

இதை எழுதி வைத்தவர் அக்பரைப் புகழ்ந்து பிழைத்தவரல்லர்; பதாவுனி. அரண்மனையிலேயே வேலை பார்த்துக்கொண்டு, பாதுஷாவின் போக்கை மனத்துக்குள் சபித்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் ஒரு சரித்திரம் எழுதிய மௌலவி அவர். அந்த நூல் ஜஹாங்கீர் காலத்தில்தான் வெளியே வந்தது. விரோதி கொடுத்த சாட்சி ஆதலால் எனக்கு அதில் நம்பிக்கை உண்டு.

1575-ல் அந்தப் பழைய கட்டடத்தின் அருகே ‘இபாதத் கானா’ எழுந்தது. வழிபாட்டு மண்டபம் என்று பொருள். வியாழக்கிழமை இரவுகளில் மார்க்க அறிஞர்கள் அங்கே கூட வேண்டும், பாதுஷா கேட்பார், அவர்கள் சொல்ல வேண்டும். எவ்வளவு நல்ல ஏற்பாடு! ஆனால் முதல் தகராறு எதில் வந்தது தெரியுமா? யார் எங்கே உட்காருவது என்பதில்! கடைசியில் ஸையதுகளுக்கு மேற்கு, உலமாக்களுக்குத் தெற்கு, ஸூஃபி ஷேக்குகளுக்கு வடக்கு, பிரபுக்களுக்குக் கிழக்கு என்று நாலு திசையையும் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. கடவுளைப் பற்றிக் கேட்க வந்த பாதுஷா, நாற்காலி வழக்கைத் தீர்த்து வைத்தார்.

பிறகாவது பேச்சு நடந்ததா என்றால், கூச்சல்தான் நடந்தது. ஒருவர் ஹலால் என்றதை இன்னொருவர் ஹராம் என்றார். கழுத்து நரம்புகள் புடைத்தன. ஒரு நாள் அக்பர் பொறுக்க முடியாமல் பதாவுனியை அழைத்து, “இங்கே முறைகெட்டுப் பேசுகிறவர்களை எனக்குச் சொல், வெளியே அனுப்பிவிடுகிறேன்” என்றார். பதாவுனி பக்கத்திலிருந்த ஆஸஃப் கானின் காதில், “அப்படியானால் முக்கால்வாசிப் பேர் எழுந்து போகவேண்டி வருமே!” என்று கிசுகிசுத்தார். என்ன சொன்னாய் என்று அக்பர் விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டு, விழுந்து விழுந்து சிரித்தாராம்.

சிரிப்புக்கு அடியில் கசப்பும் சேர்ந்துகொண்டிருந்தது. உலமாக்களில் முதல்வரான மக்தூமுல் முல்க், ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டிய ‘ஜகாத்’ வரியிலிருந்து தப்பிக்க ஒரு யுக்தி வைத்திருந்தார். வருஷம் முடிவதற்குள் சொத்தையெல்லாம் மனைவி பேருக்கு மாற்றிவிடுவார். கெடு தாண்டியதும் தம் பேருக்குத் திருப்பிக்கொள்வார். சட்டப்படி குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பாதுஷா கேட்டது சட்டத்தையா?

1578-ல் ஒரு சம்பவம். ஜீலம் நதிக்கரையில் பேராவுக்கு அருகே பெரிய வேட்டைக்கு ஏற்பாடாகியிருந்தது. பல மைல் சுற்றளவில் ஆட்கள் வளையம் கட்டி, மிருகங்களை நடுவே விரட்டிக் கொண்டு வந்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில், ஒரு மரத்தடியில், பாதுஷாவுக்கு என்னவோ ஆயிற்று. பரவசம் என்றார்கள் சிலர். வேறுவிதமாகச் சொன்னவர்களும் உண்டு. வேட்டையை நிறுத்தச் சொன்னார். வளைத்த மிருகங்களெல்லாம் உயிரோடு காட்டுக்குத் திரும்பின. அந்த மரத்தடியில் அவருக்குக் கிடைத்தது எதுவாயினும், மறுபடி அதை அவர் தேடினார் என்பது மட்டும் நிச்சயம். அதன் பிறகுதான் மண்டபத்தின் கதவுகள் எல்லா மதத்தாருக்கும் விரியத் திறந்தன.

தேவி என்ற பிராமணரை, கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்து, இரவில் அரண்மனை மாடத்தின் உயரத்துக்கு மேலே இழுப்பார்களாம். அவர் அந்தரத்தில் தொங்கியபடி நம் தேவதைகளைப் பற்றிச் சொல்ல, பாதுஷா உள்ளிருந்து கேட்பாராம். வேதாந்தியைப் பூமிக்கும் வானத்துக்கும் நடுவே தொங்கவிடுவது பொருத்தம்தான்! குஜராத்தின் நவசாரியிலிருந்து பார்சிகள் வந்தார்கள். அரண்மனையில் அணையாத நெருப்பு ஒன்று வளர்க்கப்பட்டது. 1582-ல் மகாபாரதத்தைப் பாரசீகத்தில் பெயர்க்க உத்தரவாயிற்று. அந்த வேலையில் ஒரு பங்கு யார் தலையில் விழுந்தது? பாவம், பதாவுனியின் தலையில்!

அக்பரின் அழைப்பை ஏற்று, 1580 பிப்ரவரியில் கோவாவிலிருந்து மூன்று ஏசுசபைப் பாதிரிகள் வந்து சேர்ந்தார்கள். தலைவர் ருடால்ஃபோ அக்வவிவா. இத்தாலியப் பிரபு குடும்பத்தில் பிறந்து எல்லாவற்றையும் துறந்தவர். வயது முப்பதைத் தாண்டாது. அவர்கள் கொடுத்த பைபிளை அக்பர் முத்தமிட்டுத் தலைமேல் வைத்துக்கொண்டார். பாதிரிகளுக்கு ஆனந்தம். ஆனால் கடவுளுக்குக் குமாரன் எப்படி இருக்க முடியும், ஒருவர் எப்படி மூவராவார் என்று பாதுஷா திரும்பத் திரும்பக் கேட்டார். அவர்களும் திரும்பத் திரும்ப விளக்கினார்கள். கேள்வி நின்ற இடத்திலேயே நின்றது. ஆளுக்கொரு வேதத்தைக் கையிலேந்தித் தீயில் இறங்கிப் பார்க்கலாமே என்றுகூடப் பேச்சு வந்தது. கடவுளைச் சோதிப்பது பாவம் என்று அக்வவிவா மறுத்துவிட்டார்.

இத்தனை பேரிடம் கேட்டாரே, யாருடைய விடை அவர் மனத்தைத் தொட்டது? படிக்கப் படிக்க எனக்கு ஒன்று புலப்பட்டது. விடைகள் தொடவில்லை, விடை சொன்னவர்களில் இரண்டொருவர் தொட்டார்கள்.

அக்வவிவா விடைபெற்றபோது, அக்பர் வாரிக் கொடுக்க விரும்பினார். பாதிரி பொன்னை வாங்கவில்லை. அரண்மனையில் அடிமைகளாக இருந்த ஒரு ருஷ்யக் குடும்பத்தை விடுதலை செய்து தம்மோடு அனுப்பும்படி மட்டும் கேட்டார். அனுப்பினார்கள். 1583-ல், கோவாவுக்கு அருகே குங்கொலியில், போர்ச்சுகீசியர் தங்கள் கோயில்களை இடித்த கோபத்தில் இருந்த கிராம மக்களின் கையால் அந்த இளைஞர் உயிரிழந்தார்.

அதே 1583-ல் ஜைன முனிவர் ஹீரவிஜய சூரி குஜராத்திலிருந்து வந்தார். வாகனங்களை மறுத்து, அவ்வளவு தூரத்தையும் நடந்தே கடந்தார். அரண்மனையில் விரித்திருந்த கம்பளத்தின்மேல் கால் வைக்கத் தயங்கினார். அடியில் பூச்சிகள் இருந்தால் நசுங்கிவிடுமே என்றார். என்ன வேண்டும் என்று கேட்டபோது தமக்காக ஒன்றும் கேட்கவில்லை. கூண்டுப் பறவைகளையும் சிறைக் கைதிகளையும் விடுவிக்கச் சொன்னார்; பர்யூஷண நாட்களில் உயிர்க்கொலை கூடாது என்றார். பாதுஷா ஒப்புக்கொண்டார். ஜீலம் நதிக்கரை வேட்டை அவருக்கு நினைவு வந்திருக்கும் என்று எண்ணுகிறேன்.

பதாவுனிக்கும் அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது, அக்வவிவாவுக்கும் இருந்தது. ஒருவரை அது கசப்பாக்கியது. மற்றவரைப் பிறருக்காகக் கேட்க வைத்தது. நம்பிக்கை உண்மையா என்று அளக்க அக்பரிடம் கோல் இல்லை, என்னிடமும் இல்லை. அது மனிதனை என்ன செய்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். அக்பர் கடைசியில் பார்த்தது அதைத்தான் போலும். கேட்டவருக்கு நம்பிக்கை கிடைத்ததோ இல்லையோ, நம்புகிறவர்களிடம் மரியாதை கிடைத்தது. ‘ஸுல்ஹ்-இ-குல்’, அதாவது எல்லோரோடும் சமாதானம் என்பது ராஜநீதியாயிற்று. பலவந்தமாக மதம் மாற்றப்பட்டவர்கள் விரும்பினால் தங்கள் மதத்துக்குத் திரும்பலாம் என்று 1590-களில் உத்தரவு பிறந்தது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் மதத்துக்காக மனிதர்களை உயிரோடு எரித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

1605 அக்டோபரில் அக்பர் இறந்தார். எந்த நம்பிக்கையோடு கண்ணை மூடினார் என்று சரித்திராசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். மண்டபத்துச் சண்டை ஓயவில்லை!

சில வருஷங்களுக்கு முன் நான் ஃபத்தேபூர் சீக்ரிக்குப் போனேன். அந்த இபாதத் கானாவைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. வழிகாட்டிகள் ஆளுக்கோர் இடத்தைக் காட்டினார்கள். அது நின்ற இடம் எது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. கடவுளைப் பற்றிக் கேட்க எழுப்பிய கட்டடம் மண்ணோடு போயிற்று. ஷேக் சலீம் சிஷ்டியின் பளிங்குச் சமாதியில் மட்டும் கூட்டம் குறையவே இல்லை.

அங்கே பளிங்குச் சாளரத்தில் ஒரு பெண் நூல் கட்டிக்கொண்டிருந்தாள். வகிட்டில் சிந்தூரம், இடுப்பில் குழந்தை இல்லை. முடிச்சுப் போடும்போது அவள் விரல்கள் நடுங்கின. ‘எதை நம்பி, அம்மா?’ என்ற கேள்வி என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நாலைந்து சொல் ஹிந்தி எனக்கும் தெரியும். ஆனால் கேட்கவில்லை. அவள் கட்டி முடிக்கும் வரை, அவள்மேல் யாரும் இடித்துவிடாதபடி கொஞ்சம் ஒதுங்கி நின்றுகொண்டேன்.

இப்போது அக்காளுக்கு முழங்கால் வலி. மாடத்தருகே நெடுநேரம் நிற்க முடியவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் சாயங்கால விளக்குக்குத் திரி போட்டு எண்ணெய் விடுவது என் பொறுப்பு. ஏற்றுவது அவள்தான்.

“உனக்கு நம்பிக்கை வந்துடுத்தாடா?” என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

இல்லை என்றுதான் சொன்னேன். “சரி, காத்து அடிக்கிறது பார். அந்த ஜன்னலைச் சாத்து” என்றாள்.