மின்கடத்தும் பாலிமர்கள்

மின்கடத்தும் பாலிமர்கள் என்பவை, சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டு உருவாகும் பாலிமர்களுள் மின்சாரத்தைச் செலுத்தவல்ல வகையாகும். வளையும் திரைகளுக்கும் உடலில் அணியும் உணரிகளுக்கும் உரிய பொருள்களில் இவையும் அடங்கும். இவற்றின் கார்பன் அணுக்களிடையே ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி அமைவதால், எலக்ட்ரான்கள் ஓர் அணுவோடு நின்றுவிடாமல் சங்கிலி நெடுகப் பரவக்கூடும்.

1862இல் லண்டனில் ஹென்றி லெதபி அனிலினிலிருந்து மின்முறையில் பெற்ற அடர்நிறப் படிவு, இவ்வகையின் முதற் சான்றாகப் பலராலும் குறிக்கப்படுகிறது. 1963இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அயோடின் சேர்த்த பாலிபிர்ரோலின் கடத்துதிறனை அளந்து வெளியிட்டனர். ஆதலின் முதற் கண்டுபிடிப்பு யாருடையது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

துறையின் திருப்பம் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் நிகழ்ந்தது. அதுவரை பாலிஅசிட்டிலீன் என்னும் இவ்வகைப் பாலிமர் எதிலும் கரையாத கரும்பொடியாகவே கிடைத்துவந்தது. 1967இல் அங்குப் பணியாற்றிய வேதியியலாளர் ஹிடேகி ஷிரகாவாவின் செய்முறையைப் பின்பற்றிய கொரிய ஆய்வாளர் ஒருவரின் சோதனையில், வினையைத் தூண்டும் வினையூக்கி ஏறத்தாழ ஆயிரம் மடங்கு மிகுதியாகச் சேர்ந்துவிட, பொடிக்கு மாறாகக் கரைசலின் மேற்பரப்பில் வெள்ளித்தாள் போல் பளபளக்கும் படலம் ஒன்று ஆடையெனப் படர்ந்தது. அளவுக்குறிப்பில் ‘மில்லி’ என்னும் முன்னொட்டு விடுபட்டதே காரணம் என்பர். மொழி வேறுபாட்டால் நேர்ந்த பிழை என்பாரும் உளர். படலம் உலோகம்போல் மின்னியதேயன்றி உலோகம்போல் கடத்தவில்லை. 1970களின் நடுவில் டோக்கியோ வந்த வேதியியலாளர் ஆலன் மக்டியார்மிட், தேநீர் வேளையில் இதனை அறிந்து ஷிரகாவாவைப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார். அங்கு இருவரும் இயற்பியலாளர் ஆலன் ஹீகருடன் சேர்ந்து, புரோமின், அயோடின் ஆவிகளைப் படலத்தின்மீது செலுத்தினர். ஆவி சங்கிலியிலிருந்து எலக்ட்ரான்களைப் பறித்து வெற்றிடங்களை உண்டாக்கி, எஞ்சிய எலக்ட்ரான்கள் நகர வழிசெய்ததால் கடத்துதிறன் ஒரு கோடி மடங்குக்கும் மேல் உயர்ந்தது. மாசூட்டல் எனப்படும் இம்முறை 1977இல் வெளியாயிற்று. மூவரும் 2000இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.

பாலிஅசிட்டிலீன் காற்றுப் பட்டால் கெடுவதால் பரவலான பயன்பாட்டுக்கு வரவில்லை. 1980களின் இறுதியில் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் உருவாக்கிய பெடாட் (PEDOT) என்னும் பாலிமர் அக்குறையைப் பெரிதும் நீக்கியது. மற்றொரு பாலிமருடன் சேர்த்து நீரில் பரப்பினால் மைபோல் அச்சிடத்தக்க அப்பொருள், முதலில் ஒளிப்படச் சுருள்களில் நிலைமின்னைத் தடுக்கும் பூச்சாகப் பயன்பட்டது. 1990இல் கேம்பிரிட்ஜில், மின்சாரம் பாய்ந்தால் ஒளி உமிழும் பாலிமரும் அறிவிக்கப்பட்டது.

அண்மைக்காலமாக ஸ்டான்ஃபோர்டு உள்ளிட்ட இடங்களில் தோல்போல் இழுபடும் பாலிமர்கள் ஆராயப்படுகின்றன. வெள்ளி நுண்கம்பிகளும் காலியம் கலந்த திரவ உலோகங்களும் இவற்றுக்குப் போட்டியாக உள்ளன.