ஆறு விநாடியில் ஒரு தீர்ப்பு: எல்லிஸ் தீவின் சாக்பீஸ் எழுத்துகள்

நியூயார்க் பக்கம் உள்ள யூத இளைஞர் குழுக்கள், குடியேற்ற வரலாறு தெரிஞ்சுக்க ஒருநாள் பயணமா பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போற இடம் எல்லிஸ் தீவு. சுதந்திர தேவி சிலைக்குப் பக்கத்துல இருக்கற சின்னத் தீவு. பல பிள்ளைகளுக்கு, கொள்ளுத்தாத்தா பயத்தோட வரிசையில நின்ன அதே ஹால்ல நிக்கற வாய்ப்பு.

ஒரு மருத்துவரா எனக்கு அந்த ஹால் கொஞ்சம் உறுத்தும். ஏன்னு சொல்றேன்.

1881க்குப் பிறகு ரஷ்யப் பேரரசில் யூதர்கள் மீது தொடர் கலவரங்கள், கூடவே கெடுபிடிச் சட்டங்கள், வறுமை. 1924க்குள் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து சுமார் 20 லட்சம் யூதர்கள் அமெரிக்கா போனார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு, 1892ல் திறந்த எல்லிஸ் தீவுதான் வாசல்.

முதல், இரண்டாம் வகுப்புப் பயணிகளுக்குக் கப்பலிலேயே பரிசோதனை முடிஞ்சிடும். கப்பலின் அடித்தளத்தில் அடைஞ்சு வந்த ஏழைகள்தான் தீவுக்கு வரணும்.

படியேறும்போதே சீருடை போட்ட டாக்டர்கள் கவனிப்பாங்க. மூச்சு வாங்குதா? கால் தாங்குதா? ஒரு ஆளுக்குச் சில விநாடிகள்தான். "ஆறு விநாடிப் பரிசோதனை"ன்னே அதுக்குப் பேரு.

சந்தேகம்னா கோட்டு மேல சாக்பீஸால ஓர் எழுத்து. இதயம்னா 'எச்'. நடையில் கோளாறுன்னா 'எல்'. கண்ணுன்னா 'இ'. மனநலச் சந்தேகம்னா 'எக்ஸ்'. கோட்டைத் திருப்பிப் போட்டுக்கிட்டுத் தப்பிச்சவங்களும் உண்டுன்னு சொல்வாங்க.

எல்லாரும் அதிகம் பயந்தது கண் பரிசோதனைக்கு. பூட்ஸ் பட்டன் மாட்டற கொக்கியால மேல் இமையைத் திருப்பிப் பார்ப்பாங்க. தேடினது டிரக்கோமா.

டிரக்கோமா ஒரு பாக்டீரியா தொற்று. திரும்பத் திரும்ப வந்தா இமையின் உட்புறம் தழும்பாகி, இமைமுடி உள்நோக்கி வளைஞ்சு கருவிழியை உரசி, கடைசியில பார்வையே போயிடும். இன்னிக்கு அசித்ரோமைசின் மாத்திரை இருக்கு. நம்ம இந்தியாவே டிரக்கோமாவைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழிச்சிடுச்சுன்னு 2024ல் உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சது. ஆனா அன்னிக்கு ஆன்டிபயாடிக்கே கிடையாது. அந்த நோய் இருந்தா பெரும்பாலும் திருப்பி அனுப்பிடுவாங்க.

மொத்தத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் சுமார் 2 சதவீதம்தான். கம்மிதானேன்னு தோணும். ஆனா அஞ்சு பிள்ளையோட வந்த ஒரு அம்மாவை நினைச்சுப் பாருங்க. ஒரு குழந்தை இமையில மட்டும் நோய். குழந்தையைத் தனியா அனுப்ப முடியாது. யார் கூடப் போறது? மத்த நாலு பேரை யார்கிட்ட விடறது?

நியாயமாச் சொல்லணும்னா, தீவுலயே பெரிய ஆஸ்பத்திரியும் இருந்தது. அங்கே குணமாகி ஊருக்குள் போனவங்க ஏராளம். தொற்றுநோய் பயமும் பொய்யில்லை.

ஆனா அந்த வரிசையில நின்ன டாக்டர் நோயாளிக்காகப் பார்க்கலை. நாட்டுக்காகப் பார்த்தார். ஸ்டெதஸ்கோப் அங்கே காவல்காரன் கைத்தடி.

அடுத்து வந்தது இன்னும் கொடுமை. 1924 சட்டம் நாட்டுவாரியா எண்ணிக்கை வரம்பு வெச்சுது. அடிப்படை, 1890 மக்கள்தொகைக் கணக்கு. ஏன் அந்த வருஷம்? கிழக்கு ஐரோப்பிய யூதர்களும் இத்தாலியர்களும் பெருமளவில் வந்தது அதுக்கப்புறம்தான். இனி உடம்பு எவ்வளவு ஆரோக்கியமா இருந்தாலும் பலனில்லை.

1939ல் செயின்ட் லூயிஸ் கப்பல் 937 பயணிகளோட வந்தது. கிட்டத்தட்ட எல்லாருமே நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பிய யூதர்கள். கியூபா சிலரை மட்டும் இறக்கிட்டு மத்தவங்களை மறுத்தது. அமெரிக்காவும் மறுத்தது. ஐரோப்பாவுக்கே திரும்பினவங்கள்ல 254 பேர் யூத இனப்படுகொலையில் இறந்தாங்க. அவங்க இமையை யாரும் திருப்பிப் பார்க்கவே இல்லை.

இன்னிக்கும் நாங்க விசாவுக்கு மெடிக்கல் சான்று எழுதறோம். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எதிர்ல உட்கார்ந்திருக்கறவர் முகத்தை ஆறு விநாடிக்கு மேல பார்க்கணும்.