குருதியின் கதை – 9: தண்ணீரில் மறைந்த வடிவம்

டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹூக் 1674-ல் ரத்தத்தில் கண்ட சிவப்பு உருண்டைகளைச் சென்ற வாரம் பார்த்தோம். அவற்றின் நிறத்துக்குக் காரணமான பொருளுக்கு ஹோப்பே-சைலர் ‘ஹீமோகுளோபின்’ என்று பெயர் சூட்டிய 1864-க்கு இந்த வாரம் போவதாகச் சொல்லியிருந்தேன். போகும் வழியில் லண்டன் கிரேவன் தெருவில் ஒரு வீடு இருக்கிறது. அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

அங்கே உடற்கூறியல் பள்ளி நடத்தியவர் வில்லியம் ஹியூசன். 1739-ல் ஹெக்ஸமில் பிறந்தவர். முப்பது வயதிலேயே ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் வாங்கியவர். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் குடியிருந்த வீட்டுக்காரம்மாளின் மகள் பாலியை 1770-ல் மணந்தார். அதன்பின் அவருடைய ஆசிரியரும் கூட்டாளியுமான வில்லியம் ஹண்டர் உறவை முறித்துக்கொண்டார். ஹியூசன் தன் கையால் பதப்படுத்திய உடல் மாதிரிகளுக்கும் அவர் உரிமை கொண்டாடினார். ஃபிராங்க்ளினே சமரசம் பேச வேண்டியிருந்தது. ஹண்டர் மாமேதைதான், ஆனாலும் சீடனின் உழைப்பைப் பிடித்துவைக்கப் பார்த்த அந்தச் செயலை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்தச் சீடர் 1773-ல் செய்ததைப் பாருங்கள். ரத்தத்தை அப்படியே பார்த்தால் அணுக்கள் நெருக்கியடித்துத் தெரியும். அதனால் தண்ணீர் விட்டுக் கலக்கிப் பார்ப்பது பலருடைய வழக்கம். அவர்கள் கண்டது உருண்டை. ஹியூசன் தண்ணீரைத் தள்ளிவைத்தார். ரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் சீரத்தை எடுத்து, அதில் கலந்து பார்த்தார். எல்லாம் தட்டை! கண்ணாடியைச் சாய்த்தபோது நாணயம் புரள்வதுபோல் புரண்டன. பிறகு தண்ணீர் விட்டார்: உப்பி உருண்டையாகி, கரைந்து மறைந்தன. உப்புக் கரைசலில் அப்படி ஆகவில்லை. நூறாண்டுத் தவறு தண்ணீரால் வந்தது என்று நிரூபணமாயிற்று.

நடுவில் தெரிந்த கருநிழலைக் கெட்டியான துகள் என்று அவர் நினைத்தது மட்டும் பிசகு. அது குழி. நம் சிவப்பணு முதிரும்போது உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. மாவு உருண்டையை இரு விரல்களுக்கிடையே அழுத்தினால் வரும் வடிவம்தான் அது. குறுக்களவு சுமார் 7.5 மைக்ரான். உருண்டையைவிடத் தட்டைக்கு மேற்பரப்பு அதிகம் என்பதால் ஆக்சிஜன் விரைவாக உள்ளே போய் வெளியே வரும். தன்னைவிடக் குறுகலான நுண்குழாயிலும் வளைந்து நெளிந்து நுழைந்துவிடும். இந்த ஓட்டம் சுமார் 120 நாள்.

ஹியூசனின் ஓட்டம் சீக்கிரமே முடிந்துவிட்டது. பிணத்தை அறுக்கும்போது கையில் பட்ட காயம் சீழ்பிடித்து, 1774 மே 1 அன்று இறந்தார். வயது 34. பாலியின் வயிற்றில் மூன்றாவது குழந்தை. 1998-ல் ஃபிராங்க்ளின் குடியிருந்த அந்த வீட்டைப் பழுதுபார்த்தபோது, அடித்தளத்தில் 1,200-க்கும் மேற்பட்ட எலும்புத் துண்டுகள் கிடைத்தன. அவருடைய பள்ளியின் மிச்சம்.

மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏற்றும்போது பாட்டிலைப் பாருங்கள். சலைன் என்றால் 0.9% என்று போட்டிருக்கும்: நூறு மில்லிக்கு 0.9 கிராம் உப்பு. வெறும் தண்ணீரை நரம்பில் ஏற்றினால் சிவப்பணுக்கள் உப்பி வெடிக்கும். அதை முதலில் கண்ணால் கண்டு சொன்னவர்களில் ஒருவர் ஹியூசன். அந்தப் பெயரை நினைவில் வையுங்கள். ஹீமோகுளோபின் அடுத்த வாரம்.

(தொடரும்)